திரையில் இறங்கும் தலை: முக்குவதற்கு ஸ்கேன் கற்றுத்தரும் பாடம்

லேபர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கும் சொல் அது. "முக்கு... முக்குமா... விடாத, விடாத... மோஷன் போற மாதிரி முக்கு!" ஒரு வலி ஏறி இறங்குவதற்குள் டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், ஆயாம்மா, கூட நிற்கும் அம்மா என்று நாலு பேர் நாலு பக்கமிருந்தும் இதையே சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அதிலிருந்து கிடைக்கும் தகவல் மிகக் கொஞ்சம். எந்த இடத்தில் முக்குவது? இப்போது முக்கியதால் குழந்தை நகர்ந்ததா? "நல்லா முக்குற", "பத்தல" என்ற இரண்டு பதில்களுக்கு மேல் பெரும்பாலும் வராது.

கர்ப்பப்பை வாய் முழுதாக, அதாவது 10 செ.மீ., திறந்ததிலிருந்து குழந்தை வெளியே வருவது வரையான நேரத்தைப் பிரசவத்தின் இரண்டாம் கட்டம் என்கிறோம். முதல் பிரசவத்தில் இது 3 மணி நேரம் வரையும், அடுத்தடுத்த பிரசவங்களில் 2 மணி நேரம் வரையும் போகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகள் சொல்கின்றன. இந்தக் கட்டத்தில் தலை கீழே இறங்கி இடுப்புத் தளத் தசைகளை விரிக்கும்போது, அடக்க முடியாத முக்கல் உணர்வு தானாகவே வரும். அது வந்துவிட்ட பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வலிக்குள் மூன்று முதல் ஐந்து தடவை, ஒவ்வொன்றும் ஐந்தாறு விநாடி, அவர் உடம்பே முக்கிக்கொள்ளும்.

சிக்கல் அந்த உணர்வு மங்கும் இடத்தில்தான். முதுகில் எபிடியூரல் என்ற வலி மரப்பு ஊசி போட்டால் வலியோடு சேர்ந்து முக்கல் உணர்வும் குறைகிறது. எபிடியூரல் போடாதவர்களிலும், தலை இன்னும் உயரத்தில் இருக்கும்போதே "ஃபுல் ஆயிடுச்சு, முக்கு" என்று தொடங்கிவிட்டால், உணர்வு வராமலே முக்கவேண்டியிருக்கிறது. அப்போது பெண்கள் செய்வது என்ன? மூச்சைப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தையும் நெஞ்சுக்கு மேலே செலவழிக்கிறார்கள். மறுநாள் கண்ணின் வெள்ளையில் ரத்தம் திட்டுத்திட்டாகக் கட்டியிருக்கும். குழந்தையோ இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

உடம்புக்குள் நடப்பதைக் கண்ணுக்குக் காட்டித் தசைக்குப் பாடம் சொல்வது புதிய யோசனை அல்ல. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் பெரினியோமீட்டர் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். யோனிக்குள் வைக்கும் ஒரு சிறு அறை, அதோடு இணைந்த அழுத்தமானி. பெண் இடுப்புத் தளத்தைச் சுருக்கினால் முள் ஏறும். "சுருக்கு" என்று நூறு முறை சொல்லிப் புரியாதது, முள் அசைவதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. கீகல் பயிற்சி என்று இன்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். பிரசவத்தில் நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான பாடம்: மேலிருந்து அழுத்தம் கொடுத்துக்கொண்டே கீழே தசையைத் தளர்த்திவிடுவது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது எளிதல்ல. வயிற்றை இறுக்கினால் அடித்தளத்தையும் சேர்த்து இறுக்குவதுதான் உடம்பின் பழக்கம். இருமும்போது சிறுநீர் கசியாமல் காப்பாற்றுவதும் அந்தப் பழக்கம்தான்.

பிரசவத்தில் கண்ணாடி பிடித்துக் காட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆனால் தலை வாசலுக்கு வந்து முடி தெரிந்த பிறகே கண்ணாடியில் ஏதாவது தெரியும். அதற்கு முந்தைய ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில், உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில், கண்ணாடிக்கு வேலை இல்லை. அந்த இடைவெளியைத்தான் ஸ்கேன் நிரப்புகிறது.

ஸ்கேன் எடுக்க வயிற்றில் வைக்கும் அதே வளைந்த கைக்கருவி, ப்ரோப்தான். தனிக் கருவியோ தனி மென்பொருளோ தேவையில்லை. யோனிக்குள் எதுவும் நுழைப்பதில்லை. வெளி உதடுகளுக்கு நடுவே, செங்குத்தாக, நடுக்கோட்டில் ப்ரோபை மெல்ல வைத்தால் போதும். இரண்டு உருவங்கள் திரையில் தெளிவாக வரவேண்டும். ஒன்று, முன்பக்கம் இரண்டு இடுப்பெலும்புகளும் சேரும் மூட்டு. சிம்பஸிஸ் என்பார்கள். திரையில் நீள்வட்டமாகத் தெரியும், ஏறக்குறைய ஒரு பேரீச்சங்கொட்டையின் வடிவம். மற்றொன்று, குழந்தையின் மண்டையோடு: பளிச்சென்ற வெள்ளை வளைகோடு.

மூட்டின் நீளவாக்கில் ஒரு கோடு. அதன் கீழ்முனையிலிருந்து மண்டையோட்டின் வளைவைத் தொட்டுச் செல்லும்படி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம்தான் 'ஆங்கிள் ஆஃப் ப்ரோக்ரஷன்'. இறங்கு கோணம் என்று வைத்துக்கொள்வோம். தலை இறங்க இறங்கக் கோணம் விரியும். கைப்பரிசோதனையில் 'ஸ்டேஷன் 0' என்று சொல்வது, தலை இடுப்பெலும்பின் உள்முனைகளின் மட்டத்துக்கு வந்த நிலை. அது சுமார் 116 டிகிரிக்குச் சமம். ஸ்டேஷன் மைனஸ் 2 (அதற்கு 2 செ.மீ. மேலே) என்றால் 95, பிளஸ் 2 (2 செ.மீ. கீழே) என்றால் 138. அதாவது தலை ஒரு செ.மீ. இறங்கினால் கோணம் 10, 11 டிகிரி கூடும். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் திரையைப் பார்த்தே ஒரு முக்கலின் பலனைச் சொல்லிவிடலாம்.

கைப்பரிசோதனை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிரான்சில் 2005-இல் வெளியான டுப்புயியின் ஆய்வில், தலை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்த ஒரு பொம்மை இடுப்பை மருத்துவர்கள் தொட்டுப் பார்த்துச் சொன்னார்கள். உயரம், நடு, கீழ் என்று பெருவாரியாகப் பிரித்தபோதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை தவறினார்கள். பயிற்சி மருத்துவர்கள், அனுபவசாலிகள் என்று பெரிய வேறுபாடு இல்லை. பெண்ணுக்கு "இறங்கிடுச்சு" என்று நாம் சொல்வதன் நம்பகத்தன்மை இவ்வளவுதான். தவறான தகவலோடு ஊக்கப்படுத்துவதைவிட உள்ளதைக் காட்டுவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

இனிச் செய்முறை. முதல் வேலை, சிறுநீர்ப்பையைக் காலி செய்வது. எபிடியூரல் போட்டவருக்கு நிரம்பியது தெரியாது. சிறு குழாய் வைத்துத்தான் எடுக்கவேண்டியிருக்கும். நிரம்பிய பை தலைக்கும் வழி மறிக்கும், படத்தையும் கெடுக்கும். அடுத்து, வயிற்றின் மேல் ப்ரோபைக் குறுக்காக வைத்துத் தலையின் திசையைப் பார்த்துவிட வேண்டும். குழந்தையின் கண்குழிகள் இரண்டும் மேல்நோக்கித் தெரிந்தால், பிடரி அம்மாவின் முதுகுப் பக்கம் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இறங்குவதே மெதுவாகத்தான் நடக்கும். அதை அறியாமல், திரையில் கோணம் ஏறவில்லை என்று பெண்ணின் முயற்சியைக் குறை சொல்வது பெரிய அநியாயம்.

ப்ரோபின் மேல் ஜெல், அதன்மேல் பவுடர் இல்லாத கையுறை அல்லது உறை, உறைக்கு வெளியே மறுபடியும் ஜெல். உள்ளே போடும் ஜெல்லில் காற்றுக்குமிழ் சிக்கினால் படத்தின் நடுவே கறுப்புப் பட்டை விழும். இரண்டாம் கட்டத்தில் ஒரு படம் மோசமாக இருப்பதற்கு மெஷினைவிட இந்தக் குமிழ்தான் காரணமாக இருப்பது அதிகம். கையுறையை இறுக்கி இழுத்து, ப்ரோபின் முகத்தில் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் குமிழை வெளியேற்ற வேண்டும். ஜெல் பாட்டிலைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்திருந்தால் நல்லது. குளிர்ந்த ஜெல் பட்டதும் இடுப்புத் தளம் சுருங்கிக்கொள்ளும். தளர்த்தக் கற்றுத்தர வந்த நாமே முதல் பாடத்தில் இறுக்கிவிடுவோம்.

படுக்கையின் தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். தட்டையாக மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும். முழங்காலும் இடுப்பும் மடங்கியிருக்கட்டும்.

அடுத்தது திரை. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்கேன் மெஷின் வழக்கமாகப் படுக்கையின் பக்கவாட்டில் நிற்கும். பெண் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே முக்க முடியாது. முக்கும்போது தாடை நெஞ்சை நோக்கி வரவேண்டும். ஆகவே திரை கால்மாட்டில், குனிந்த பார்வைக்கு நேராக இருக்க வேண்டும். மெஷினை நகர்த்த இடமில்லையென்றால் ஒரு கேபிள் போட்டு இன்னொரு மானிட்டரில் காட்டலாம். பிரசவ விளக்கின் வெளிச்சம் திரையில் அடித்தால் ஒன்றும் தெரியாது; விளக்கைச் சற்றுத் திருப்பிவிட வேண்டும்.

அதைவிட முக்கியம், படம் நிற்கும் திசை. சாதாரணமாக ஸ்கேன் படத்தில் ப்ரோப் இருக்கும் பக்கம் திரையின் மேலே வரும். இங்கே ப்ரோப் இருப்பது உடம்பின் கீழ்வாசலில். எனவே குழந்தை கீழே இறங்கும்போது திரையில் தலை மேலே ஏறுவதாகத் தெரியும்! மருத்துவருக்கு அது பழக்கம்; பெண்ணுக்கு முழுக் குழப்பம். கீழே தள்ளச் சொல்லிவிட்டு மேலே போவதைக் காட்டினால் எந்தத் தசை கேட்கும்? படத்தைத் தலைகீழாகத் திருப்பும் பொத்தான் எல்லா மெஷினிலும் உண்டு. அதை அழுத்திவிட்டால் எலும்பு மூட்டு இடப்பக்கம் நிற்கும், தலை அதன் பக்கத்தில் மேலிருந்து கீழே வரும். திரையில் கீழே என்றால் உடம்பிலும் கீழே. இந்த ஒரு பொத்தானை மறந்துவிட்டு, "ஸ்கேன் காட்டினேன், அவங்களுக்குப் புரியல" என்று சொல்வதில் பொருளில்லை.

வலி இல்லாத இடைவெளியில் முதலில் படத்தைக் காட்டிப் பேச வேண்டும். இரண்டே வரி போதும்: "இந்த வெள்ளை வளைவு இருக்குல்ல, அதுதான் பாப்பா தலை. நீங்க முக்கும்போது இது கீழ வரணும். வலி விட்டதும் கொஞ்சம் மேல போயிடும், பயப்படாதீங்க, அது அப்படித்தான்." கடைசி வாக்கியம் கட்டாயம் வேண்டும். தசைகளும் திசுக்களும் விரிந்து மறுபடி சுருங்குவதால் தலை கொஞ்சம் பின்வாங்குவது இயல்பு. முன்கூட்டியே சொல்லாவிட்டால், பட்ட பாடெல்லாம் வீண் என்று அவர் உடைந்துபோவார். ஒரு வலி முடிந்தபின் இருக்கும் இடத்தை, போன வலி முடிந்தபின் இருந்த இடத்தோடு ஒப்பிட வேண்டும். உச்சத்தில் எட்டிய இடத்தோடு ஒப்பிடக்கூடாது.

வலி ஏறத் தொடங்குகிறது. வயிற்றின் மேல் வைத்த கை கர்ப்பப்பை கல்லாவதை உணர்கிறது. திரையில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. மூச்சை இழுக்கிறார், தாடையை மடக்குகிறார், முக்குகிறார். வெள்ளைக் கோடு ஒரு நூல் அளவு அசைந்து நிற்கிறது. கன்னம் உப்பியிருக்கிறது, புருவம் நெரிந்திருக்கிறது, பலம் முழுதும் தொண்டையில். "வாயைத் திறங்க, தாடையைத் தொளதொளன்னு விடுங்க, இப்ப அந்தக் கோட்டைப் பார்த்து முக்குங்க." இரண்டாவது முக்கலில் கோடு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. எலும்பு மூட்டின் கீழ்முனையைத் தாண்டி வளைவு பெரிதாகிறது. "இதேதான்! இப்ப பண்ணீங்களே, அதே மாதிரி." அந்த 'இதேதான்' என்ற சொல் அதே விநாடியில் விழவேண்டும். ஐந்து விநாடி கழித்துச் சொன்னால் எந்த முயற்சிக்குச் சொன்னோம் என்று உடம்புக்குத் தெரியாது. திரையின் உண்மையான பலம் இந்த உடனடித்தன்மைதான்.

கோடு நகராத முக்கல்களில் எல்லாமே பலக்குறைவு அல்ல. ப்ரோபை வைத்த படத்திலேயே பின்பக்கம், மலக்குடல் வளையும் இடத்துக்குப் பின்னால், இடுப்புத் தளத் தசையின் வளையம் தெரியும். எலும்பு மூட்டின் கீழ்முனையிலிருந்து அந்த வளையம் வரையான முன்பின் தூரம்தான் குழந்தை வெளியே வரும் தசைவாசல். சரியாக முக்கினால் அது அகலும். சில பெண்களுக்கு முக்கும்போது அது குறுகும்! மேலிருந்து தள்ளிக்கொண்டே கீழே கதவைச் சாத்துகிறார்கள், தங்களுக்கே தெரியாமல். இத்தாலியின் பொலோன்யாவிலும் எகிப்தின் கெய்ரோவிலும் உள்ள ஆய்வாளர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். இப்படிச் சுருக்குபவர்களுக்கு இரண்டாம் கட்டம் நீள்வதாகக் கண்டிருக்கிறார்கள்.

ஏன் சாத்துகிறார்கள்? பழக்கம் ஒன்று, பயம் ஒன்று. மூன்றாவது, வெட்கம். முக்கினால் மலம் வந்துவிடுமே என்ற கூச்சம் ஆசனவாயை இறுக்கிப் பிடிக்க வைக்கும். "மோஷன் போற மாதிரி முக்கு" என்ற நம் ஊர்ச் சொல் உடற்கூற்றியல்படி மிகச் சரியானது. அறை நிறைய ஆட்கள் நிற்கும்போது எந்தப் பெண்ணால் அப்படி முக்க முடியும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். "வந்தா வரட்டும், துடைச்சுக்கலாம், எல்லாருக்கும் வர்றதுதான்" என்று ஒரு நர்ஸ் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, தேவையில்லாதவர்களை வெளியே அனுப்பினால், அடுத்த முக்கலில் திரையில் வாசல் அகல்வதைப் பார்க்கலாம். இத்தகைய பெண்களிடம் "இன்னும் பலமா" என்று கத்துவது கதவை இன்னும் இறுக்கும். அவர்களுக்குத் தேவையானது பலம் குறைந்த, தளர்ந்த முக்கல்.

தவறுகள் வேறு வகையிலும் வரும். முக்கும்போது கீழ்ப்பகுதி புடைத்து ப்ரோபை வெளியே தள்ளும். வைத்திருப்பவர் எதிர்த்து அழுத்தினால் பெண்ணுக்கு வலிக்கும், கோணமும் மாறும். விட்டுவிட்டால் படம் போய்விடும். மணிக்கட்டைப் படுக்கையிலோ அவர் தொடையிலோ ஊன்றிக்கொண்டு, புடைப்போடு சேர்ந்து ப்ரோபும் நகர விடவேண்டும். ப்ரோப் நடுக்கோட்டிலிருந்து சாய்ந்தால் எலும்பு மூட்டின் நீள்வட்டம் குட்டையாகும் அல்லது மறையும். அந்தப் படத்தில் அளந்த கோணத்துக்கு மதிப்பில்லை. முக்கலின்போதே அளக்க முயலவும் வேண்டாம். படத்தை உறையவைத்து, பின்னோக்கி ஓட்டி, வலி விட்டபின் அளக்கலாம்.

நீண்ட பிரசவத்தில் குழந்தையின் உச்சந்தலையில் நீர் கோத்து வீங்கும். வீக்கம் கீழே வரும், எலும்பு வராது. விரலால் தொட்டுப் பார்ப்பவரை ஏமாற்றுவது பெரும்பாலும் இதுதான். திரையில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சாம்பல் நிறப் பட்டையாக வீக்கம் தெரியும். பெண்ணிடமும் சாம்பலைக் காட்டாமல் வெள்ளையைத்தான் காட்டவேண்டும்.

எவ்வளவு நேரம் காட்டுவது? மூன்று அல்லது நான்கு வலிகள், பிறகு ப்ரோபை எடுத்துவிடுவது, அரை மணி கழித்துத் தேவையென்றால் மறுபடி இரண்டு வலிகள். இதுவே எனக்குச் சரியாகப் படும் அளவு. சரியான முக்கல் எப்படி இருக்கும் என்று உடம்பு கண்டுகொண்டபின் திரை வேண்டாம். ஒரு மணி நேரம் தொடர்ந்து வைத்தால் பெண் குழந்தையை மறந்து திரையோடு மல்லுக்கட்டத் தொடங்குவார். அவர் இடப்பக்கம் சாய்ந்து படுக்கவோ குத்துக்காலிடவோ முடியாமல் ஒரே நிலையில் கட்டிப்போடப்படுவார். சாதாரண கறுப்பு வெள்ளைப் படமே போதும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரை ஓட்டத் தேவையில்லை. குழந்தைக்குப் படும் ஒலி ஆற்றல் குறைவாக இருப்பதற்கு அதுவே வழி.

எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மறந்துபோவது குழந்தையின் இதயத்துடிப்பு. இரண்டாம் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டாக வேண்டும். துடிப்பு விழுந்து மீளாமல் இருந்தால் அது பாடம் நடத்தும் நேரம் அல்ல. ப்ரோபைக் கீழே வைத்துவிட்டு அடுத்த முடிவுக்குப் போகவேண்டும். பார்க்க விருப்பமில்லை என்று சொல்லும் பெண்ணுக்கும் காட்டக்கூடாது. கண்ணை மூடி உள்நோக்கிப் போய் முக்குபவர்கள் இருக்கிறார்கள். நன்றாக இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர்களை எழுப்பித் திரையைக் காட்டுவது தொந்தரவு. இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் பெரும்பாலும் இதற்கு அவசியமே வராது. என் பட்டியலில் முதலிடம், எபிடியூரல் போட்ட முதல் பிரசவக்காரர்களுக்கு. அடுத்து, அரை மணி முக்கியும் நகராதவர்களுக்கு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பொலோன்யாவில் பெல்லூஸியும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வில் 40 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான வாய்மொழி வழிகாட்டல், மீதிப் பேருக்கு ஸ்கேனோடு சேர்த்து. 20 நிமிட முக்கலுக்குப் பிறகு ஸ்கேன் பார்த்தவர்களின் இறங்கு கோணம் அதிகம் கூடியிருந்தது. அதே ஆண்டு இஸ்ரேலிலிருந்து கில்போவா குழுவின் ஆய்வு வந்தது. எபிடியூரலோடு முதல் பிரசவத்தில் இருந்த 26 பெண்களுக்குத் திரையைக் காட்டினார்கள். அவர்களில் கிழியாமல் பிரசவித்தவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட அதிகம். பிறந்த குழந்தையோடு உடனே நெருக்கம் தோன்றியதாகவும் அவர்கள் அதிகம் சொன்னார்கள். கிழிவு குறைந்ததற்கு, தசையைத் தளர்த்திக் கட்டுப்பாட்டோடு முக்கியது காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இவை சிறிய ஆய்வுகள். இதனால் சிசேரியன் குறையும், வேக்கம் (தலையில் உறிஞ்சு கருவி வைத்து இழுத்தெடுப்பது) குறையும் என்று வாக்குக் கொடுக்க இந்த எண்ணிக்கை போதாது. அப்படி விளம்பரம் செய்யும் எவரையும் நம்ப வேண்டாம். முக்கல் நன்றாகிறது, பெண்ணுக்குத் தன் உடம்பு புரிகிறது. இந்த இரண்டே இதைச் செய்யப் போதுமான காரணம்.

எபிடியூரல் போட்டவர் கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்ததும் முக்கத் தொடங்குவதா, தலை தானாக இறங்கக் காத்திருப்பதா என்ற கேள்வியும் கூடவே வரும். அமெரிக்காவில் 2,414 பெண்களிடம் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், உடனே முக்கியவர்களில் 85.9 சதவீதமும் ஒரு மணி நேரம் காத்திருந்தவர்களில் 86.5 சதவீதமும் இயல்பாகப் பிரசவித்தார்கள். வித்தியாசம் இல்லை என்றே சொல்லவேண்டும். எப்போது தொடங்குவது என்பதைவிட எப்படி முக்குவது என்பதில் கவனம் வைப்பதற்கு இது ஒரு நியாயம். மேலிருந்து வயிற்றை அமுக்கித் தள்ளும் பழக்கத்தையோ உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. இன்னும் அதைச் செய்யும் அறைகளில் முதலில் நிறுத்தவேண்டியது அதுதான்.

இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவருக்கு இன்னொரு வாசல் உண்டு: பாலினத் தேர்வைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டம். கர்ப்பிணிக்குச் செய்யும் எந்த ஸ்கேனுக்கும் படிவம் எஃப் நிரப்பவேண்டும்; பிரசவ அறை ஸ்கேனும் அதில் அடக்கம். மெஷின் அந்த மருத்துவமனையின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் சிறு மெஷினையும் பதிவான வளாகத்துக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். ப்ரோபைப் பிடிப்பவர் சட்டம் அனுமதிக்கும் தகுதியுள்ள மருத்துவராக இருக்க வேண்டும். பக்கத்தில் நின்று வழிகாட்டும் வேலையை ஸ்டாஃப் நர்ஸ் செய்யலாம். பெரும்பாலும் அவர்தான் நன்றாகவும் செய்வார். இந்தச் சட்டத்தின் நிழலில் நம் ஸ்கேன் அறைகளில் திரையைப் பெண்ணிடமிருந்து திருப்பி வைத்தே பழகிவிட்டோம். தலை கீழாக இருக்கும் குழந்தையை வாசல் வழியே பார்க்கும் இந்தப் படத்தில் மண்டையோட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஒன்பது மாதமும் காட்டாத திரையைக் கடைசி ஒரு மணி நேரத்தில் தாராளமாகக் காட்டலாம். வேலை முடிந்ததும் உறையைக் கழற்றி, ஜெல்லைத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன கிருமிநாசினியால் ப்ரோபைச் சுத்தம் செய்ய வேண்டும். உறை கிழிந்து ரத்தம் பட்டிருந்தால் வெறும் துடைப்பு போதாது, உயர்நிலைச் சுத்திகரிப்பு வேண்டும்.

கோணம் 150, 160-ஐ நெருங்கும்போது வலியின் உச்சத்தில் உதடுகள் விரிந்து முடி தெரியத் தொடங்கும். ப்ரோபுக்கு இனி அங்கே இடமில்லை. கீழ்த்திசுவைத் தாங்கிப் பிடிக்கும் கைக்கு அந்த இடம் வேண்டும். திரையைத் திருப்பிவிட்டு, விருப்பமிருந்தால் கண்ணாடி பிடிக்கலாம், அல்லது அவர் கையையே பிடித்துக் குழந்தையின் ஈரத் தலைமேல் வைக்கலாம். இதுவரை கோட்டைப் பார்த்து "முக்குங்க" என்று சொன்னவர் இப்போது சொல்லவேண்டியது வேறு: "போதும், முக்காதீங்க. வாயால ஊதுங்க... ஊதுங்க... மெதுவா வரட்டும்."